ஆல்ரவுண்டு மரப் பிளேடு: ஐந்தடுக்கில் எதைப் பார்த்து எடுப்பது?

சுழல்பந்து

வணக்கம். டேபிள் டென்னிஸில் ரெடிமேட் பேட்டை விட்டுவிட்டு பிளேடு (மரப் பலகை) தனி, அதில் ஒட்டும் ரப்பர் தனி என்று போகச் சொல்கிறார் கோச். ஷேக்ஹேண்ட் பிடி, வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. புஷ்ஷும் பிளாக்கும் நிற்கின்றன. ஃபோர்ஹேண்ட் டிரைவ் பரவாயில்லை. பேக்ஸ்பின் (பின்னோக்கிச் சுழலும்) பந்தை லூப் (கீழிருந்து மேலே உரசி முன்சுழல் கொடுக்கும் அடி) எடுக்கப் போனால் பாதி நெட்டில் விழுகிறது. பேக்ஹேண்ட் லூப் இப்போதுதான் ஆரம்பம்.

கடையில் கார்பன் பிளேடைக் காட்டி, இதை எடுத்தால் அப்புறம் மாற்றவே வேண்டாம் என்கிறார்கள். கோச் சொல்வது முழு மரம், ஐந்தடுக்கு, ஆல்ரவுண்டு. அதற்குள்ளேயே ஆல் (ஆல்ரவுண்டு), ஆல் பிளஸ், ஆஃப் மைனஸ் (ஆஃப் என்றால் வேகமான தாக்குதல் பிளேடு) என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கம்பெனியின் ஆல் பிளஸ்ஸும் இன்னொன்றின் ஆஃப் மைனஸும் கையில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

மரத்தூள்

கோச் சொன்னதிலேயே நில்லுங்கள். லேபிளை மட்டும் மறந்துவிடுங்கள். ஆல், ஆஃப் என்ற எழுத்துகளுக்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் வரிசைக்குள்ளேயே ஒப்பிட்டுப் போட்டுக்கொள்வது. பிளேடின் குணம் தெரிய வேண்டுமென்றால் தடிமன், வெளி அடுக்கு மரம், எடை, இந்த மூன்றையும் கேளுங்கள்.

முதலில் தடிமன். ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியில் ஏறும். 5.5 மி.மீ. பிளேடை அதே மரங்களை வைத்து 6.0 மி.மீ. ஆக்கினால், அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் விறைப்பு 30 சதவீதம் கூடியிருக்கும். 5.4 முதல் 5.7 வரை இருந்தால் அது அசல் ஆல்ரவுண்டு. 5.8, 5.9 வந்துவிட்டால் ஆஃப் மைனஸ் பக்கம். 6.2க்கு மேல் போன ஐந்தடுக்கை இந்தக் கேள்விக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

அடுத்தது அடுக்கு. வழக்கமான ஐந்தடுக்கில் நடுவில் 3 மி.மீ. சொச்சம் அயூஸ் மாதிரி லேசான மரம், அதன் இரண்டு பக்கமும் ஒரு குறுக்கு அடுக்கு, அதற்கு மேல் அரை மி.மீ. சுற்றளவில் வெளி அடுக்கு. நடு மரத்தின் நாரும் வெளி மரத்தின் நாரும் கைப்பிடியை ஒட்டி நீளவாக்கில் ஓடும். இடையில் உள்ள இரண்டும் குறுக்கே ஓடும். அதனால் நீளவாக்கு வளைவில் அவை அதிகம் தாங்காது. பிளேடு முறுக்கிக்கொள்ளாமலும் பிளக்காமலும் பிடித்துவைப்பதுதான் அவற்றின் வேலை.

நடு மரம்தான் மொத்தத்தில் பாதிக்கு மேல், ஆகவே அதுதான் குணத்தைத் தீர்மானிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 5.6 மி.மீ. பிளேடில் நடு மரம் 3.2 மி.மீ. என்று வையுங்கள். எல்லா அடுக்கும் ஒரே மரமாக, ஒரே திசையில் இருந்தால்கூட வளைவு விறைப்பில் அதன் பங்கு 19 சதவீதத்துக்குள்தான். வெளியே இருக்கும் அரை மில்லிமீட்டர்த் தகடுகள் இரண்டும் சேர்ந்து 45 சதவீதம் தாங்கும். நடு மரத்தை விட்டுவிட்டு வெளி மரத்தைக் கேட்கச் சொல்வது இதனால்தான்.

லிம்பா: மிதமான மரம், பந்து கொஞ்சம் உள்ளே இறங்கி வருகிற மாதிரி இருக்கும், லூப் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமானது அரிது. கோட்டோ: கடினம், பந்து சட்டென்று கிளம்பும், பிளாக்குக்கும் ஸ்மாஷுக்கும் சுகம். ஹினோகி ஜப்பான் சைப்ரஸ். தொட்டால் மென்மை, வேகமாக அடித்தால் தானே உந்தும். முதல் பிளேடுக்கு லிம்பா.

இந்த வட்டத்துக்குள் பெயர் சொல்ல வேண்டுமானால் ஸ்டிகா ஆல்ரவுண்டு கிளாசிக், டோனிக் அப்பல்கிரென் ஆல்பிளே, யசாகா ஸ்வீடன் எக்ஸ்ட்ரா. மூன்றிலும் ஸ்வீடன் வாடை அடிப்பது தற்செயல் இல்லை. மேசையை விட்டுச் சற்றுப் பின்னால் நின்று இரண்டு பக்கமும் லூப் போடும் ஆட்டத்தை வளர்த்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். அந்த ஆட்டத்துக்கு வளையும் பிளேடு வேண்டும்.

நெட்கார்டு

மரத்தூள் அண்ணன் சொன்ன மரக்கணக்கு சரி. ஆனால் 5.5 மி.மீ. பிளேடை இன்றைக்கு ஒரு பெரியவருக்கு எழுதிக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆல்ரவுண்டு என்ற வகை உருவான காலத்துப் பந்து 38 மி.மீ. 2000இல் 40 ஆனது. 2014இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது, 40+ என்று குத்தியிருப்பது அதுதான். பந்து பெரிதானால் காற்றில் சீக்கிரம் தளரும், சுழலும் குறையும். போதாததற்கு ரப்பரை உப்பவைத்து வேகம் கொடுத்த ஸ்பீடு குளூ 2008இல் தடையானது. அன்றைக்கு ஆல்ரவுண்டு பிளேடில் கிடைத்த வேகம் இன்று அதே பிளேடில் கிடைக்காது. மேசையிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்று லூப் போட்டால் பந்து எதிராளியின் மேசையில் கட்டையாக விழும், அவர் அதைச் சாத்திவிடுவார்.

இன்றைய ஆல்ரவுண்டு என்பது 5.8, 5.9 மி.மீ. பட்டர்ஃபிளை கோர்பெல், பிரிமோராக் மாதிரி ஐந்தடுக்கு. முழு மரம்தான், வளையும்தான், அடிக்கும்போது கையில் சரக்கும் இருக்கும். ஆறு மாதத்தில் பிளேடு மெதுவாக இருக்கிறது என்று இன்னொரு முறை காசு போடுவதற்கு முதலிலேயே இதை எடுக்கலாம்.

கார்பன் வேண்டாம் என்பதில் மட்டும் அண்ணனோடு ஒத்துப்போகிறேன்.

மரத்தூள்

நெட்கார்டு, பந்து பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் ரப்பரும் அதே இடத்தில் நின்றுவிடவில்லையே. 1960களின் கடைசியில் வந்த ஸ்ரைவர், மார்க் ஃபைவ் ரப்பர்களோடு பழைய ஆல்ரவுண்டு பிளேடை ஓட்டினார்கள். இன்றைக்கு நடுத்தர விலையில் கிடைக்கும் டென்சர் (தயாரிக்கும்போதே இழுவிசை ஏற்றிய) ரப்பரே குளூ போட்ட பழைய ரப்பர் செய்ததில் பெரும்பகுதியை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறது. வேகம் குறைந்தால் ரப்பரில் ஏற்றிக்கொள்ளலாம், அது எப்படியும் தேய்ந்து மாற்ற வேண்டிய பொருள். பிளேடில் கூடுதலாக ஏறிய வேகத்தை இறக்க வழியில்லை.

சுழல்பந்து தன் குறையைச் சொல்லியிருக்கிறார்: பேக்ஸ்பின் பந்தை எடுத்தால் நெட். பிளேடு வேகமாக இருந்தால் பந்து தூரம் போய்விடுமோ என்று ஆள் தன்னையறியாமல் பேட்டை மூடுவார், வீச்சையும் பாதியில் நிறுத்துவார். மூடிய பேட்டும் நின்ற வீச்சும் பேக்ஸ்பின் பந்தை நெட்டுக்குத்தான் அனுப்பும். மெதுவான பிளேடில் முழுக் கையையும் வீசினாலும் பந்து மேசைக்குள்ளேயே இறங்கும். வீச்சை முழுசாக முடிக்கும் தைரியம் அங்கேதான் வருகிறது. இதற்காகத்தான் கோச்சுகள் ஆல்ரவுண்டு என்று கரடியாகக் கத்துகிறார்கள்.

நெட்கார்டு

அதை மறுக்கவில்லை. லூப் இன்னும் உருவாகாதவருக்கு உங்கள் பக்கம் நியாயம். என் பேச்சு லூப் ஏற்கனவே கையில் இருக்கிற, ரெடிமேடிலிருந்து ஏறி வருகிறவருக்கு. இரண்டுக்கும் எல்லைக்கோடு இப்படி வைக்கலாம்: பேக்ஸ்பின் பந்தைப் பத்துக்கு ஏழு முறை முழு வீச்சில் மேசைக்குள் போட முடிந்தால் 5.8, 5.9. முடியாவிட்டால் 5.5. அந்தக் கணக்கில் இவருக்கு அண்ணன் சொல்வதுதான்.

அமுதன்டிடி

தடிமன் அட்டையில் போட்டிருக்காது, கடைக்காரருக்கும் தெரியாது என்றால் வழி இருக்கிறது. ஃபோனில் ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்று போதும், இலவசமாகவே கிடைக்கும். ரப்பர் இல்லாத பிளேடைக் கைப்பிடியின் மேல்முனை அருகே இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, பந்தால் முகத்தின் நடுவில் லேசாகத் தட்டுங்கள். முதலில் எழும் பெரிய உச்சியின் அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தோராயமாக,

1000 முதல் 1200 ஹெர்ட்ஸ் வரை: ஆல்ரவுண்டு.
1200 முதல் 1350 வரை: ஆஃப் மைனஸ்.
அதற்கு மேல்: ஆஃப். 1500ஐத் தாண்டினால் கடின கார்பனும் தடித்த பிளேடும்.

இது வேகத்தை நேராக அளப்பது இல்லை. விறைப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும். எடை குறைந்து விறைப்பும் குறைந்த பிளேடு, எடை கூடி விறைப்பும் கூடிய பிளேடு இரண்டும் ஒரே எண்ணைக் கொடுக்கக்கூடும். ஆகவே எடையையும் சேர்த்தே பாருங்கள். ஒரே மாடலில் நாலைந்தைத் தட்டிப் பார்த்தால் இந்த முறையின் அருமை தெரியும். மரம் மரம்தான், ஒரே பெயர், ஒரே பெட்டி, நூறு ஹெர்ட்ஸ்வரை வித்தியாசம் வரும்.

தட்டும்போது கொரகொரவென்று இரைச்சல் வந்தால் கைப்பிடிப் பட்டைக்கும் பிளேடுக்கும் இடையில் பசை விட்டிருக்கிறது. அதை எடுக்காதீர்கள்.

சுழல்பந்து

நன்றி அண்ணா. மரத்தூள், நெட்கார்டு இருவரும் கார்பன் வேண்டாம் என்கிறார்கள், ஏன் என்று யாரும் விளக்கவில்லையே. இன்னர் கார்பன் மரம் மாதிரியே இருக்கும் என்கிறார்களே?

மரத்தூள்

விதியிலிருந்து ஆரம்பித்தால் எளிதாகப் புரியும். பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். ஒட்டும் அடுக்கில் கார்பன், கண்ணாடி நார் போன்றவற்றைச் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மி.மீ., இதில் எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும். அதாவது கார்பன் பிளேடும் பெரும்பாலும் மரம்தான். அந்த மெல்லிய நார் எங்கே உட்காருகிறது என்பதில்தான் விஷயம். வெளி அடுக்குக்கு நேர் கீழே வைத்தால் மிதமாக அடித்தாலே அது வேலை செய்யும். நடு மரத்தை ஒட்டி வைத்தால், அதுதான் நீங்கள் கேட்ட இன்னர், மெதுவாகத் தொடும்போது மரமாகவே இருக்கும். பலமாக அடிக்கும்போது திடீரென்று நார் குறுக்கிட்டு வேகம் தாவும்.

கற்றுக்கொள்பவருக்கு இந்தத் தாவல்தான் தொல்லை. முழு மரத்தில் விசை கூடக் கூட வேகமும் அதே அளவில் கூடும். இவ்வளவு அடித்தால் இவ்வளவு போகும் என்று கை கணக்குப் பழகிக்கொள்கிறது. இன்னரில் அந்தக் கோடு நடுவில் வளைந்துவிடும். அப்புறம், பந்து ரப்பரில் தங்குவது ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. உள்ளங்கைக்கு அதிர்வு எட்டும்போது பந்து போய்விட்டது. அந்த அதிர்வை வைத்து அடித்த அடியைத் திருத்த முடியாது, அடுத்த அடியைத் திருத்தலாம். நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா, உரசினோமா, மோதினோமா என்று மரம் தெளிவாகச் சொல்லும். கார்பன் அந்த அதிர்வைச் சீக்கிரம் அடக்கிவிடுகிறது. முகம் முழுக்க ஒரே மாதிரி அடிக்க முடிவது ஆட்டம் முற்றியவருக்கு வரம். பயிற்சியில் இருப்பவருக்குப் பிழையை மறைக்கும் திரை.

பேக்ஹேண்ட்பிரியா

எல்லாரும் மரத்தையே பேசுகிறீர்கள். எடையையும் கைப்பிடியையும் யாராவது சொல்லுங்கள் என்று காத்திருந்தேன்.

எடையைப் பிளேடோடு நிறுத்தாதீர்கள், முழு பேட்டுக்கும் கூட்டுங்கள். பிளேடு 84 கிராம். வெட்டிய பிறகு நடுத்தர ஐரோப்பிய ரப்பர் ஒன்று 43 முதல் 47 வரை, இரண்டும் சேர்ந்து 90. பசை, ஓர டேப் எல்லாம் 3, 4. மொத்தம் 178. பெரியவருக்கு 170 முதல் 180 நல்ல இடம். இதே பிளேடில் இரண்டு பக்கமும் ஹரிக்கேன் 3 என்ற சீன ரப்பரைப் போட்டால் ஒவ்வொன்றும் 50ஐத் தாண்டும், 190 வந்து நிற்கும். மணிக்கட்டு அதைத் தாங்கும், பேக்ஹேண்ட் தாங்காது: ஒரு ஃபோர்ஹேண்டுக்குப் பிறகு பேட் திரும்பி வர நேரமெடுக்கும், பந்து இடுப்பைத் தாண்டியிருக்கும்.

அட்டையில் 85 கிராம் என்று போட்டிருந்தால் உள்ளே 78ம் இருக்கலாம், 93ம் இருக்கலாம். சமையலறைத் தராசு போதும், கடையிலேயே நிறுத்துப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் 80 முதல் 86க்குள் வேண்டும் என்று முன்பே எழுதிக் கேளுங்கள். நல்ல விற்பனையாளர்கள் தராசில் வைத்துப் படம் அனுப்புவார்கள். ரப்பரிலும் ஒரு சூட்சுமம்: வெட்டாத ஷீட் 68, 70 கிராம் இருந்தால் 157க்கு 150 மி.மீ. முகத்துக்கு வெட்டியபின் 47, 48 நிற்கும். மூன்றில் இரண்டு பங்கு என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

தலைப்பாரம் வேறு. ஸ்டிகாவின் டபிள்யூஆர்பி, டோனிக்கின் சென்ஸோ கைப்பிடிகள் உள்ளே பொள்ளல். மொத்த எடை குறையும், ஆனால் பாரம் தலைக்கு ஏறும். 80 கிராம் பொள்ளல் பிளேடு 85 கிராம் கெட்டிக் கைப்பிடிப் பிளேடைவிடத் தலை கனமாக வீசக்கூடும். லூப்புக்கு அது உதவும், வலைக்கருகில் குட்டைப் பந்து எடுக்க இடைஞ்சல்.

கைப்பிடி: பிடி தளர்வாக இருப்பவர்களுக்கு ஃப்ளேர்டு, அடியில் விரிந்து நழுவாமல் நிற்கும். ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும் பிடியை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு, சர்வீஸில் பிடியைச் சுழற்றுகிறவர்களுக்கு ஸ்ட்ரெய்ட். அனடாமிக் நடுவில் புடைத்திருக்கும், அந்தப் புடைப்பு உங்கள் உள்ளங்கையில் சரியாக உட்கார்ந்தால் மட்டும். முன்பின் பிடித்துப் பார்க்காமல் அனடாமிக் வாங்க வேண்டாம்.

கோல்டன்பெல்_அப்பா

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். மகளுக்குப் பத்து வயது. இதே பிளேடு அவளுக்கும் ஆகுமா?

பேக்ஹேண்ட்பிரியா

ஆகும் சார், எடை மட்டும் மாறணும். பிளேடு 75 முதல் 80க்குள், ரப்பர் 1.7 அல்லது 1.8 மி.மீ. ஸ்பாஞ்ச் (ரப்பரின் அடியில் இருக்கும் நுரை அடுக்கு), மொத்தம் 160ஐத் தாண்ட வேண்டாம். தோளைத் தூக்கி அடிக்கிறாள், சீக்கிரம் முழங்கையைத் தொங்கவிட்டுவிடுகிறாள் என்றால் முதலில் பேட்டை நிறுத்துப் பாருங்கள். கைப்பிடி மெலிந்த மாடல் தேடுங்கள். சுண்டுவிரல் கைப்பிடியைச் சுற்றி வராத குழந்தை பேட்டை இறுக்கிப் பிடிக்கும், இறுகிய பிடியில் மணிக்கட்டு வேலை செய்யாது.

மரத்தூள்

பிளேடு கைக்கு வந்ததும் ரப்பர் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் பிளேடைக் கெடுப்பது இங்கேதான்.

கண்ணாடி மேல் வைத்து முகம் தட்டையாக உட்காருகிறதா பாருங்கள். முறுக்கு இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வரும் பிளேடு விளிம்பு புதிதில் கூர்மையாக இருக்கும். 240 கிரிட் உப்புத்தாளில் நாரோட்டமாக நாலைந்து இழுப்பு, பிறகு 400இல் மென்மையாக்குங்கள். விளிம்பை மட்டும் உருட்டினால் போதும், முகத்தைத் தொட வேண்டாம்.

லிம்பா ரப்பரைப் பிரிக்கும்போது நாரோடு எழும்பும் மரம். அதனால் சீல் செய்வது நல்லது. தண்ணீர் சேர்ந்த நிறமற்ற வார்னிஷ், ஒரே ஒரு பூச்சு. பஞ்சுத் துணியில் தொட்டு, நன்றாகப் பிழிந்து, நாரோட்டமாக ஒரு தடவை இழுத்தால் முடிந்தது. ஒரு நாள் காயவிட்டு 400 கிரிட்டில் தொட்டும் தொடாமலும் தேயுங்கள். இரண்டு மூன்று பூச்சு போட்டால் வெளி அடுக்கு கெட்டித்துவிடும், லிம்பாவை வாங்கிய பலனே போய்விடும்.

அமுதன்டிடி

ஒட்டுவதற்குத் தண்ணீர்ப் பசைதான், வேறு எதுவும் வேண்டாம். ஸ்பாஞ்சில் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, பிளேடில் ஒன்று. பால் வெள்ளையாக இருக்கும் பசை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆன பிறகே ஒட்டுங்கள். சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில், அதிலும் மழைக்காலத்தில், பாட்டிலில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். மின்விசிறியில் வைத்து ஸ்பாஞ்சின் துளைகளில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு புள்ளி இருந்தாலும் உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு அங்கே குமிழ் எழும்பும்.

கைப்பிடிப் பக்கத்திலிருந்து தொடங்கி, ரப்பரை இழுக்காமல் உருளையால் மெல்ல உருட்டிக்கொண்டே மேலே போங்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் சில நாளில் சுருங்கி, ஓரத்தில் மரம் தெரியும். ஒரு மணி நேரம் கனமான புத்தகத்தின் கீழ் வைத்துவிட்டு வெட்டுங்கள், வெட்டும் கத்தி புதிதாக இருக்கட்டும். சிவப்பு, பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, ஊதா எதுவானாலும் ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். 2021 அக்டோபரிலிருந்து மறுபக்கத்துக்கு நிறத்தைத் தேர்வு செய்யலாம்.

கழற்றும்போது கைப்பிடி ஓர மூலையில் ஆரம்பித்து, ரப்பரைத் தாழ மடக்கி, முகத்தை ஒட்டியே கோணலாக மெதுவாக உரியுங்கள். மேல்நோக்கிப் பிய்த்தால் நாரும் வரும். நார் எழும்பத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி எதிர் மூலையிலிருந்து வாருங்கள். எழும்பிவிட்டால் அதன் அடியில் மரப்பசை ஒரு துளி, மேலே டேப், ஓர் இரவு அழுத்தம். காலையில் சரியாகிவிடும்.

வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பேட்டை விட்டு வைக்காதீர்கள். பசை இளகும், மரம் முறுக்கும்.

சுழல்பந்து

எல்லாருக்கும் நன்றி. 5.5 மி.மீ., லிம்பா, 82 முதல் 85 கிராம், ஃப்ளேர்டு என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: ரப்பர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? ஃபோர்ஹேண்டில் மேக்ஸ் (மிகத் தடித்த ஸ்பாஞ்ச்) போடலாமா?

நெட்கார்டு

மேக்ஸ் வேண்டாம். இரண்டு பக்கமும் 2.0, நடுத்தர ஸ்பாஞ்ச். மார்க் ஃபைவ் போதும், கொஞ்சம் உந்துதல் வேண்டுமென்றால் எக்ஸியோம் வேகா ஐரோப்பா. சீன ரப்பரில் 39 டிகிரி, ஜெர்மன் ரப்பரில் 47 டிகிரி என்று எழுதியிருந்தால் ஒப்பிடாதீர்கள். அளவுகோல்கள் வேறு, 39 என்று போட்ட ஹரிக்கேன்தான் அங்கே கடினம். மெதுவான பிளேடில் கடின ஸ்பாஞ்ச் போட்டால், கையில் முழு வேகம் வரும்வரை பந்து செத்தே போகும்.

பேக்ஹேண்ட்பிரியா

பேக்ஹேண்ட் லூப் ஆரம்ப நிலை என்றாரே. அந்தப் பக்கம் மட்டும் 1.8 போடச் சொல்லுங்கள். ஸ்பாஞ்ச் மெலிந்தால் மரம் சீக்கிரம் கைக்குத் தெரியும், பிளாக்கும் தாழ இறங்கும், எடையிலும் ரெண்டு கிராம் மிச்சம்.

நெட்கார்டு

ஒப்புக்கொள்கிறேன். ஃபோர்ஹேண்ட் 2.0, பேக்ஹேண்ட் 1.8. டேப் 10 மி.மீ. அகலம் வாங்குங்கள்.